மஞ்சக்காமாலை என்று எழுதினேன்

கண்டியில் ஒரு சுகாதாரக் கந்தோரில் எனக்கு வேலை. யாராவது கேட்டால் புள்ளிவிவரப் பிரிவு என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். உள்ளதைச் சொன்னால், செத்தவர்கள் எதனால் செத்தார்கள் என்று பிரித்து அட்டவணை போடுகிறவன் நான். மலைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் படிவங்கள் தமிழில் இருக்கும். எங்கள் பிரிவில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே மடுல்கெல்லப் பக்கத்தில் எவர் செத்தாலும் என் கையால் சிங்களத்துக்கு மாறித்தான் கணக்கில் சேருவார். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. இப்போது இல்லை.

ஆஸ்பத்திரியில் செத்தால் டாக்டர் காரணம் எழுதுவார். லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், செத்தால் வீட்டார் சொல்வதுதான் காரணம். ஒரு மனிதன் இருபது வருஷம் சாராயம் குடித்து, வயிறு ஊதி, கண் மஞ்சளாகி, இரத்தமாக வாந்தியெடுத்துச் செத்துப்போனால், வீட்டார் சொல்வது ஒரே வார்த்தைதான்: மஞ்சக்காமாலை. அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. உடம்பு மஞ்சளாகத்தானே இருந்தது. சொல்கிறவருக்கும் விஷயம் தெரியும், எழுதுகிறவருக்கும் தெரியும். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கும். அந்த ஒரு வார்த்தையைப் போட்டு மூடிவிடுவார்கள்.

நானும் லயத்தில் பிறந்தவன். எனக்கா விளங்காது? ஆனால் கந்தோர்க் கதிரையில் உட்கார்ந்தால் மொழிபெயர்ப்பதோடு என் வேலை முடிந்தது. "செங்கமாலய" என்று சிங்களத்தில் எழுதிவிடுவேன். என் மேலதிகாரி அம்மையாருக்கு அது கிருமியால் வருகிற நோய். தொற்றுநோய்ப் பத்தியில் சேர்க்கச் சொல்லிவிடுவார். பிறகு நடப்பது சிரிப்பாய்ச் சிரிக்க வேண்டிய கூத்து. தோட்டத்தில் காமாலை கூடிவிட்டது என்று சுகாதாரப் பரிசோதகர் மலையேறிப் போவார். தண்ணீர்த் தாங்கியில் குளோரின் கொட்டுவார். கொதித்தாறிய நீர் குடிக்கச் சொல்லித் துண்டுப்பிரசுரம் கொடுத்துவிட்டு இறங்கிவருவார். இரண்டு வாரத்துக்குத் தேநீரெல்லாம் மருந்து நாறும்.

அக்காவுக்கும் எனக்கும் அடுத்தவன், எங்கள் சின்னவன், அப்படிக் குடித்துத்தான் செத்தான். முப்பத்தெட்டு வயது. தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் படிவத்தை என் பக்கம் தள்ளி, உங்களுக்குத் தெரியாததா, நீங்களே எழுதுங்கள் என்றார். குடியால் ஈரல் கெட்டுச் செத்தவனை எந்தப் பத்தியில் போட வேண்டும் என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். பேனாவை எடுத்தபோது அக்கா என் முழங்கையைப் பிடித்தாள்.

"குடிச்சுச் செத்தான்னு எழுதாத, பெரியதம்பி. அவன் புள்ளைங்க நாலு பேர் முன்னாடி தலை நிமிந்து நடக்கணும்."

நான் மஞ்சக்காமாலை என்று எழுதினேன். கீழே கையெழுத்தும் போட்டேன். அடுத்த மாதம் அந்தப் படிவம் என் மேசைக்கே வந்தது. அதையும் சிங்களத்தில் மாற்றி அனுப்பிவிட்டு, கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

போன வருஷம் தோட்டத்துச் சந்தியில் ஒரு தவறணை, அதாவது சாராயக்கடை, திறக்க யாரோ விண்ணப்பித்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். அதுவரை சாராயம் வேண்டுமென்றால் பஸ் ஏறி டவுனுக்குப் போக வேண்டும். அதுவோ பஸ் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை என்கிற ரோடு. அக்காவின் கணவர், என் அத்தான், குடியை விட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. பாதி முருகன் புண்ணியம், பாதி பஸ்காரன் புண்ணியம் என்பாள் அக்கா. சந்தியில் கடை வந்தால் அத்தான் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற வழியே அதுதான். அக்கா கொழுந்து பறிக்கிற பெண்களிடமெல்லாம் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தாள். விசாரணைக்குத் தேதி வந்ததும் எனக்குப் போன் பண்ணினாள். சாவுக்கணக்கு முழுக்க உன் கையில்தானே இருக்கிறது, கொண்டுவந்து அவர்கள் மூஞ்சியில் காட்டு என்றாள்.

எங்கள் தோட்டத்துத் தாள்களைப் புரட்டினேன். குடியால் வந்த இறப்பு என்ற பத்தியில் ஒருவருமில்லை என்று ஒரு கோடு. முந்திய வருஷமும் கோடு. அதற்கு முந்தியும் கோடுதான். எல்லாமே என் கையால் இழுத்தவை. அக்காவிடம் சொல்லத் தைரியமில்லாமல் வெறுங்கையோடு விசாரணைக்குப் போனேன்.

தவறணை விண்ணப்பத்தை விசாரித்த அதிகாரி நல்ல மனிதர். அதுதான் கொடுமை. பெண்களுக்குக் கதிரை போடச் சொன்னார். அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். அரசாங்கத்துக்குக் காசு வருகிற வழி கொஞ்சம்தான் என்றார். துறைமுகத்தில் இறங்குகிற சாமானுக்கு வரி, கடையில் வாங்குகிற சாமானுக்கு வரி, அதற்கப்புறம் சாராயமும் சிகரெட்டும். வருமான வரி கட்டச் சொன்னால் ஆள் ஒளிந்துகொள்கிறான், குடிக்கிறவன் மட்டும் தவணை தப்பாமல் கட்டுகிறான். ஆஸ்பத்திரியில் உங்களுக்கு மருந்து சும்மா கிடைப்பது இந்தக் காசிலும்தான். சட்டப்படி கடை இல்லாவிட்டால் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் காய்ச்சுவார்கள், அதற்கு வரியும் கிடையாது. என் சம்பளமும் இதே பானையிலிருந்துதான் வருகிறது என்று எனக்கு நானே சேர்த்துக்கொண்டேன்.

பிறகு ஒரு தாளை எடுத்தார். எங்கள் கந்தோரில் கேட்டு வாங்கிய அட்டவணை. இந்தத் தோட்டத்தில் குடியால் ஒருவரும் சாகவில்லை, காமாலையால்தான் சாகிறார்கள் என்று வாசித்தார். உங்களுக்குப் பிரச்சினை சாராயமில்லை, தண்ணீர் என்றார். புதிய தாங்கி ஒன்றுக்குத் தாமே சிபாரிசு செய்வதாகவும் சொன்னார். நான் அதையும் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம சின்னவன் எப்புடிச் செத்தான்னு அவருகிட்ட சொல்லு, பெரியதம்பி."

எதை மறைக்கச் சொன்னாளோ அதை அத்தனை பெண்கள் முன்னால் அவளே திறந்துவிட்டாள். நான் எழுந்து, என் தம்பி குடித்துத்தான் செத்தான் என்று சிங்களத்தில் சொன்னேன். படிவத்தில் காரணம் எழுதியது யார் என்று கேட்டார். நான். கையெழுத்து? என்னுடையது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்படியானால் நீங்கள் பொய்த் தகவல் கொடுத்ததாக எழுதிக்கொள்ளவா என்று மெதுவாகக் கேட்டார். மிரட்டவில்லை. என் வேலை போய்விடுமே என்றுதான் கேட்டார். குண்டசாலையில் வாடகை வீடும் இரண்டு பிள்ளைகளும் என் கண் முன்னே வந்து நின்றன.

வேண்டாம் என்றேன்.

என்ன சொல்கிறார் என்று அக்கா கேட்டாள். யோசித்துச் சொல்வதாகச் சொல்கிறார் என்றேன். அன்றைக்கு நான் பிழையாக மொழிபெயர்த்தது அந்த ஒரு வசனத்தைத்தான்.

தவறணை திறந்தது. முதல் வாரம் அத்தான் ரோட்டின் மறுபக்கமாக, தலையைக் குனிந்துகொண்டு போனாராம். அக்கா அதைப் பெருமையாகச் சொன்னாள். இரண்டாம் வாரத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த மாதம் அத்தானைக் கண்டியில் வார்டில் சேர்த்தோம். கை கால் குச்சியாகி வயிறு மட்டும் உப்பியிருந்தது. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, விரும்பினால் வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார். அதை அக்காவிடம் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளோ அத்தானின் காலைப் பிடித்துவிட்டபடியே சொன்னாள்.

"லயத்துக்கே கொண்டு போறோம். படிவத்த நீதான் எழுதணும். இந்தத் தடவ உள்ளத எழுது."

எழுதுகிறேன் என்றேன். சொல்லிவிட்டுத்தான் கட்டிலைப் பார்த்தேன். அவர் தூங்குகிறார் என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்திருந்தோம். அவருடைய கண் திறந்திருந்தது.

"நான் இன்னும் இருக்கேனே, மச்சான்" என்றார்.