கறுப்புத் திரையில் சாம்பல் எழுத்து

இணையதளங்களுக்கு நிறமும் எழுத்தும் அமைப்பது அவன் வேலை. கறுப்புப் பின்னணி வேண்டும் என்று யார் வந்தாலும், "எழுத்துல இன்னும் கொஞ்சம் வெள்ளை ஏத்தலாங்க" என்று மல்லுக்கட்டுவான். அதனால் அலுவலகத்தில் அவனுக்குச் சுண்ணாம்பு என்றே பேர்.

அந்த முறை வந்தது ஒரு பஸ் கம்பெனியின் வேலை. அவன் அலுவலக முதலாளிக்கோ கறுப்பில் சாம்பல் எழுத்தென்றால் உயிர்.

"சார், ரெண்டுக்கும் வித்தியாசம் பத்தாது. பின்னணியைக் கரி நிறமாக்கி, எழுத்தைப் பால் வெள்ளையா வச்சா கண்ணும் கூசாது, படிக்கவும் வரும்."

"என் போன்ல நல்லாத்தானே தெரியுது, சுண்ணாம்பு! பஸ் பார்ட்டியும் ஓகே சொல்லியாச்சு. சும்மா நோண்டாதே."

அவர் சொன்னபடி சாம்பலையே போட்டான்.

அவனோடு இருந்தது அக்கா மட்டும்தான். தையல் சாமான் கடையில், கொண்டுவரும் துணிக்கு ஒட்டிப்போகிற நூலைப் பார்த்த மாத்திரத்தில் எடுத்துக் கொடுப்பவள். கண் நரம்பு மெல்ல மெல்லப் பழுதாகலாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, கண்ணில் படும் எழுத்தையெல்லாம் படித்துப் பார்த்துத் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

புதிய தளம் வெளியான அன்று சாயங்காலம் அவன் வீடு திரும்பியபோது, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"வந்துடுச்சுடா தம்பி. பஸ் நேரம் பாக்கலாம்னு போனைத் திறந்தேன். ஒரே இருட்டு. கடையில சொல்லிட்டேன். தப்பான நூலைக் குடுத்துப் பேரைக் கெடுத்துக்கறதுக்கு முன்னாடி நானே நின்னுக்கறேன்னு."



"ஐயோ அக்கா, அது உன் கண்ணு இல்ல. நான் போட்ட கலர். எனக்கே சரியாத் தெரியல!"

"எனக்காகப் பொய் சொல்லாதடா."

மறுநாள் டாக்டரிடம் கூட்டிப்போனான். அவர் சோதித்துவிட்டு, "போன தடவை எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு" என்றார். படியிறங்கும்போது அக்கா கோபமே இல்லாமல் கேட்டாள்: "முன்னாடியே அவர்கிட்ட பேசி வச்சிட்டியா?"

கடைக்கு ஓடினான். அங்கே வேறொரு பெண் நூல்கண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "அவங்களே போறேன்னாங்க. நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க" என்றார் கடைக்காரர். எழுத்தின் நிறத்தை மாற்றச் சொல்லித் தன் முதலாளியிடம் கெஞ்சினான். "பார்ட்டிகிட்ட கேட்டுப் பாக்கறேன்" என்றதோடு சரி.

கடைசியில், வெயிலில் ஒன்றுமே தெரியவில்லை என்று பயணிகள் சத்தம்போட்ட பிறகுதான் எழுத்து வெளுத்தது. அவன் போனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். இப்போதே பழகிக்கொள்கிறாளாம்.

"இப்பப் பாரேன் அக்கா. ஒரு தடவை கண்ணைத் திறந்து பாரு."

அவள் திறக்கவில்லை.

"நீயே படிடா. கேட்டுக்கறேன்."

வேறென்ன செய்ய? அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் இனி ஏறப்போகாத பஸ்களின் நேரத்தை ஒவ்வொன்றாகப் படித்தான்.