இரண்டு பேருக்கும் ஒரே எகிப்து

மகள் இரண்டாம் வகுப்புக்குப் போன வருடம், முப்பத்தாறு வயதில், நான் தபால் வழியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தேன். கல்யாணத்தால் பாதியில் நின்ற படிப்பு. எங்கள் வீடு பாறசாலைக்கு இரண்டு ஸ்டாப் முன்னால். ஞாயிறுதோறும் பஸ் ஏறி நெய்யாற்றின்கரைக்கு வகுப்புக்குப் போவேன். வீட்டில் தமிழ், வகுப்பில் மலையாளம், புத்தகத்தில் ஆங்கிலம்.

அங்கே எனக்குக் கிடைத்த ஒரே கூட்டு, ஒற்றசேகரமங்கலத்திலிருந்து வரும் ஓர் அங்கன்வாடி டீச்சர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

முதல் செமஸ்டரில் ஓர் அசைன்மென்ட் வந்தது. பழைய நாகரிகங்களில் இரண்டை எடுத்து, அவற்றின் மதத்தையும், எது சரி எது தப்பு என்று அந்த மக்கள் நினைத்ததையும் ஒப்பிட்டு எழுத வேண்டும். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. எகிப்தும் மெசபடோமியாவும் என்று தலைப்பு எழுதி அடியில் கோடும் போட்டுவிட்டேன். அந்த வாரம் மகளுக்கு அம்மை போட்டது. அதோடு நோட்டை மூடியவள், கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்புதான் திறந்தேன். அக்காவுக்குப் போன் செய்தேன். தன் கட்டுரையைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்பினார்.

"வாசிச்சுப் பாத்துட்டு உனக்க சொந்த வார்த்தையில எழுதிக்கோ மக்கா."

நான் அப்படிச் செய்யவில்லை. மகள் வேப்பிலை மேல் படுத்து மதியம் தூங்கிய நேரத்தில், ஒரு எழுத்து மாறாமல் பார்த்து எழுதினேன். எழுதும்போதுதான் என்ன எழுதுகிறேன் என்பது மண்டையில் ஏறியது. எகிப்தில் செத்தவன் தெய்வங்களின் முன் நின்று, நான் திருடவில்லை, பொய் சொல்லவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். அவன் நெஞ்சை ஒரு தட்டிலும் ஓர் இறகை மறு தட்டிலும் வைத்து நிறுப்பார்கள். திருடவில்லை என்ற சொல்லையே நான் திருடி எழுதிக்கொண்டிருந்தேன். பேனா நின்றது. பிறகு மகள் முனகினாள். எழுந்துவிடப் போகிறாளே என்று மீதியையும் அவசரமாக எழுதி முடித்தேன்.

கொடுத்த பிறகு மூன்று வாரம் நிம்மதி இல்லை. பாடம் எடுக்கும் சார் ஒவ்வொரு பேப்பரையும் வரி விடாமல் வாசிப்பார் என்று வகுப்பில் பேச்சு. நான் மாட்டினால் அக்காவும் மாட்டுவார். அதுதான் அதிகம் உறுத்தியது.

நாலாவது ஞாயிறு இடைவேளையில் சார் என் பெயரைச் சொல்லி ஆபீஸ் ரூமுக்கு வரச் சொன்னார். உள்ளே அவர் ஏதோ காகிதக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் நிமிர்வதற்குள் நான் கொட்டிவிட்டேன்.

"சாரே, அந்த அசைன்மென்ட் நான் எழுதினது இல்ல. அக்காவுக்க பேப்பரப் பாத்து எழுதினதாக்கும். பிள்ளைக்கு அம்ம போட்டிருந்து. அக்காவுக்கு இதுல ஒரு பங்கும் இல்ல. என்ன செய்யணுமோ அத எனக்கு மட்டும் செய்யுங்க."

சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"அசைன்மென்ட்ட நான் இன்னும் தொறக்கவே இல்ல. பரீட்சை ஃபார்ம்ல கையெழுத்து போடாம தந்திருக்கீங்க. அதுக்காக்கும் விளிச்சேன்."

ஃபார்மை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். அவர் அலமாரியிலிருந்து என் பேப்பரையும் அக்காவின் பேப்பரையும் தேடி எடுத்துப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தார். எழுத்துப்பிழைகூட ஒரே இடத்தில் இருந்தது.

"அடுத்த ஞாயிறு சொந்தமா எழுதிக் கொண்டு வாங்க. ரெண்டு பேரும். யாரு யாரப் பாத்து எழுதினதுன்னு பேப்பர் சொல்லாதில்லா."

அவ்வளவுதான். திட்டுகூட இல்லை. வெளியே வந்து குழாயைத் திறந்து முகம் கழுவினேன். மூன்று வாரத்தில் முதல்முறையாக மூச்சு முழுசாக இறங்கியது. ஆனால் அக்காவிடம் சொல்ல வேண்டுமே. சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தவரிடம் சொன்னேன். அக்கா மூடியைக் கையில் வைத்தபடியே என்னைப் பார்த்தார்.

"நீ எதுக்கு பிள்ளே வாயத் தொறந்த?"

"பேடிச்சுட்டேன் அக்கா. பயத்துல வாய் தானா தொறந்துட்டு."

"நானுந்தான் பேடிச்சுக் கெடந்தேன்." குரலைத் தாழ்த்தினார். "எனக்க பேப்பரும் எனக்குள்ளது இல்ல. எனக்க தங்கச்சி மவ மூணு வருசம் முந்தி எழுதினதாக்கும்."

இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த வாரம் ஒருவருக்கொருவர் போன் செய்வதில்லை என்று பேசிவைத்துக்கொண்டு எழுதினோம். நான் எகிப்தை விடவில்லை. அதே எகிப்தியர்கள், நெஞ்சு தன் சொந்தக்காரனுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடக் கூடாது என்று மந்திரம் செதுக்கிய ஒரு கல் வண்டையும் பிணத்தின் மார்பில் வைத்தார்கள். அப்படியென்றால், வாய் மறுத்தாலும் நெஞ்சுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. மெசபடோமியாவில் வேறு மாதிரி. தாங்கள் என்ன தப்பு செய்தோம், எந்தத் தெய்வம் கோபித்திருக்கிறது என்றுகூடத் தெரியாமல், தெரிந்த தெய்வம் தெரியாத தெய்வம் எல்லாவற்றிடமும் பொறுக்கச் சொல்லிக் கேட்கிறவர்கள் அங்கே இருந்தார்கள். மாலையில் விளக்கு வைத்துவிட்டு, அறிந்தும் அறியாமலும் செய்த பிழையைப் பொறுக்கணும் என்று மாமியார் முணுமுணுப்பது நினைவுக்கு வந்தது. கட்டுரையில் மாமியார் வரலாமா என்று தெரியாமலே அதையும் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை சார் அதை நின்றபடியே வாசித்தார். மாமியார் வந்த இடத்தில் பேனா நின்றது.

"இது எந்தப் புஸ்தகத்துல உண்டு?"

"புஸ்தகத்துல இல்ல சாரே. வீட்டுல உள்ளதாக்கும்."

அவர் தலையை ஆட்டிவிட்டு மார்க் போட்டார். பாஸுக்குக் கொஞ்சம் மேலே. அக்கா சிந்துவெளியையும் சீனத்தையும் எடுத்து எழுதி என்னைவிடக் கூடுதலாக வாங்கினார்.

அன்று திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அமரவிளை தாண்டியது தெரியும். அதற்கப்புறம் கண்டக்டர் கம்பியில் தட்டி, "சேச்சி, பாறசாலை வந்தாச்சு, இறங்குங்க" என்றபோதுதான் விழித்தேன். என் ஸ்டாப் எப்போதோ கடந்து போயிருந்தது. திரும்பிப் போகும் பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கம் போய், ஒரு கடையில் ஒரு சாயாவும், மாவில் தோய்த்துப் பொரித்த சூடான பழம்பொரி இரண்டும் வாங்கி நின்றே சாப்பிட்டேன். ஒரு பஸ் வந்தது. ஏறவில்லை, அடுத்ததில் போகலாம் என்று இன்னொரு சாயா சொன்னேன்.