வைகாசிக்கு இன்னும் மூணு நாள்

டாக்டரம்மா குறிச்ச தேதி தாண்டி ஒரு வாரம் ஆயிடுச்சு. வவுறு இன்னா கனம்! நிமிந்து படுத்தா இடுப்பு வுட்டுப் போவுது, ஒருக்களிச்சா மூச்சு முட்டுது. "நாள் தாண்டிக்கினே போனா உள்ள தண்ணி வத்தும், நஞ்சுக்கொடி தளந்துடும், கொயந்தைக்கு மூச்சு திணறும். வந்து அட்மிட் ஆவு"ன்னு அவங்க ரெண்டு தபா சொல்லிட்டாங்க. என் மாமியார் காதுல ஏறினாத்தானே! "சித்திரைல தலச்சன் ஆம்பளையா பொறந்துட்டா அப்பனுக்கு ஆவாது. கடலுக்குப் போற வூடு இது. வைகாசி பொறக்கட்டும்." ஆம்பளன்னு இவங்களுக்கு யாரு சொன்னாங்களோ.

என் வூட்டுக்காரரு லாஞ்சுக்குப் போறவரு. மீன்பிடி தடைக்காலம், வூட்லதான் குந்திகினு இருந்தாரு. "நீயாச்சும் சொல்லேன்யா"ன்னா, வலைய தச்சிகினே, "மூணு நாள்தானேமே, பொறுத்துக்கோ"ன்றாரு. பொறுத்துக்கணுமாம்! இந்த வவுத்த ஒரு மணி நேரம் சொமந்து பாரு, தெரியும். எனக்கு ஒரே பேஜாரா பூடுச்சு.

அன்னிக்கு சாயங்காலம் ஏரியா நர்ஸம்மா போன் போட்டாங்க. "ஏம்மா, கொழந்த துடிப்பு எப்படி இருக்கு?" மாமியார் எதிர்லயே நின்னுகினு, சொல்லாதன்னு கைய ஆட்டுனாங்க. "நல்லாத்தான் கீது"ன்னுட்டேன். நெசத்துல காலைலேர்ந்து ரெண்டே தபாதான் அசஞ்சிது. தூங்குது போலன்னு நானே என்னை சமாதானம் பண்ணிக்கினேன்.

மறுநாள் காலைல டீ குடிச்சேன், இடதுபக்கம் படுத்தேன், வவுத்த தட்டித் தட்டிக் கூப்டேன். ஒண்ணும் இல்ல. "யாரும் வரவேணாம், நானே போறேன்"னு கத்திக்கினே தெருவுல எறங்கி ஆட்டோவ நிறுத்தினேன். அவரு செருப்பு கூட போடாம பின்னாடியே ஓடியாந்தாரு.

உடனே ஆபரேஷன். தண்ணி பச்சையா கெடந்துச்சு, கொயந்தை உள்ளயே மலம் போயி அதை முழுங்கியிருக்குதுன்னாங்க. பொண்ணு. அழல. ரொம்ப நேரம் கழிச்சு, பூனைக்குட்டியாட்டம் ஒரு சத்தம். கண்ணாடிப் பொட்டில வச்சி கொண்டு பூட்டாங்க.

மாமியார நாலு வார்த்த நாக்கப் புடுங்கற மாதிரி கேக்கணும்னு வார்டுல பல்ல கடிச்சிகினு கெடந்தேன். அதுக்குள்ள டாக்டரம்மா வந்தாங்க. "நேத்தே துடிப்பு கொறைஞ்சிடுச்சுன்னு இப்ப சொல்றியே. நர்ஸ் கேட்டப்ப ஏம்மா சொல்லல?"

கட்டிலு பக்கத்துல நின்ன மாமியார் தலையக் குனிஞ்சிக்கினாங்க. அவங்க கையத்தான் ஆட்டுனாங்க. வாயத் தொறந்து பொய் சொன்னது நானு.