கை வைக்கக் கூடாத சுவர்

நான் பிழைப்பது அளவெடுத்து. ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு கான்கிரீட், எவ்வளவு கம்பி, எத்தனை கதவு என்று வரைபடத்தைப் பார்த்துச் சொல்லும் குவான்டிட்டி சர்வேயர். சென்னையில் காகிதத்தை மேசையில் விரித்து, ஸ்கேல் வைத்து, எண்ணியதை எல்லாம் சிவப்புப் பென்சிலால் தீட்டிக்கொண்டே போவேன். ஒஸ்லோவுக்குக் குடும்பத்தோடு வந்ததும் இந்த வேலையை நம்பித்தான்.

வந்த சில வருடங்களில் எங்கள் நிறுவனம் முழுக்க மாடலுக்கு மாறியது. கட்டடத்தை முதலில் கணினிக்குள் கட்டிவிடுகிறார்கள். சுவரைத் தொட்டால் அதுவே தன் நீளம், உயரம், கனம் எல்லாம் ஒப்பிக்கும். நான் நாள்கணக்கில் எண்ணியதை, நான் காபி எடுத்து வருவதற்குள் அது எண்ணி முடித்தது. மேலாளர் நல்ல மனிதர், தொல்லையே அதுதான். என்னை அனுப்பிவிடாமல், மாடலைத் திருத்திப் பராமரிக்கும் புது வேலையைக் கொடுத்தார்.

ஆனால் என் குடியிருப்பு அனுமதி அளவெடுப்பவன் என்ற வேலைக்கு. வேலையின் வகை மாறினால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பதில் வரும்வரை புது வேலையில் கை வைக்கக் கூடாது. மனைவி, மகள் இருவருடைய அனுமதியும் என்னுடையதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. விண்ணப்பித்தேன். பதில் வரவில்லை. பழைய வேலை இல்லை, புது வேலை கூடாது. மாடலைத் திறந்து வைத்து, ஆளில்லாத அறைகளுக்குள் சுற்றிச் சுற்றி வருவேன். சும்மா சம்பளம் வாங்குகிறான் என்று கேட்பவர்களுக்கு வயிறு எரியலாம். எனக்கு மூச்சு முட்டியது.

நாங்கள் குடியிருக்கும் ஸ்டோவ்னரில் எங்களுக்கு மேல்மாடியில் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன் இருக்கிறார். அகதியாக வந்தவர். காலையில் இருவரும் ஒரே ரயிலில் போவோம். அவரிடம் புலம்பினேன்.

"நான் வந்த புதுசிலை முகாமிலை இப்பிடித்தான் இருந்தனான். ஒண்டையும் தொடாதையுங்கோ தம்பி. மறுமொழி வருமட்டும் பேசாமல் இருங்கோ."

"சும்மா இருக்கறதுதாண்ணே முடியல."

"ஓம், அதுதான் கஷ்டம்" என்றார். அதற்கு மேல் ஆறுதல் சொல்லாததே எனக்குப் பிடித்திருந்தது.

ஈஸ்டர் வந்தது. அலுவலகமே மலைவீடுகளுக்குக் கிளம்பிவிட்டது. விடுமுறை முடிந்ததும் திராமன் நகரில் ஒரு முதியோர் இல்லத்துக்கு டெண்டர் கொடுக்க வேண்டும். வழக்கம்போல அதன் மாடலுக்குள் சுற்றிக்கொண்டிருந்தபோது நிலவறைச் சுவரில் கண் நின்றது. கட்டடக்கலைஞரின் மாடலிலும் அந்தச் சுவர் இருந்தது, பொறியாளரின் மாடலிலும் இருந்தது. இயந்திரம் இரண்டையும் கூட்டியிருந்தது. அந்த விலையோடு போனால் டெண்டர் எங்களுக்கு இல்லை. திருத்துவதற்கு ஒரு கிளிக் போதும். ஆனால் யார் எதைத் தொட்டாலும் மாடல் அவர் பெயரைப் பதிந்துவைக்கும்.

மேலாளரைத் தொலைபேசியில் பிடித்தேன். பனிக்காற்று இரைந்தது.

"ஒரு கிளிக்தானே, செய்துவிடு. யார் பார்க்கப் போகிறார்கள்?"

"என் பெயர் அதில் நிற்கும்" என்றேன்.

சிரித்தார். அவருக்கு இது பிறந்த நாடு, சிரிக்கலாம்.

போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஆத்திரமாக வந்தது. பிறகுதான் உறைத்தது, அளவெடுக்க எனக்கு அனுமதி இருக்கிறதே! வரைபடங்களைப் பெரிய தாளில் அச்செடுத்தேன். தரையில் விரித்து, மண்டியிட்டு, ஸ்கேலும் பென்சிலுமாக நிலவறை முழுவதையும் அளந்தேன். இயந்திரத்தின் கணக்கில் இவ்வளவைக் கழித்துக்கொள்ளவும் என்று மேலாளருக்கு எழுதி அனுப்பினேன். சுவரில் விரல்கூடப் படவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். வீட்டுக்குள் நுழையும்போதே, "இன்னிக்கு வேலை பாத்தேன்" என்றேன். மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேசரி கிண்டினாள்.

விடுமுறை முடிந்து எல்லோரும் திரும்பினார்கள். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் கேட்டார். பெருமை பிடிபடவில்லை. ஒரே இடத்தில் இரண்டு சுவர் நின்றால் எதை விடுவது, எதை வைப்பது என்று பலகையில் படம் போட்டு விளக்கினேன். மென்பொருளைக் கவனிக்கும் பெண் தலையாட்டியபடி தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

அடுத்த கட்டடம் வந்தது. ஸ்கேலைத் துடைத்து வைத்துக்கொண்டு மாடலைத் திறந்தேன். மேலே ஒரு வரி நின்றது: இரட்டைச் சுவர்கள் கண்டறியப்பட்டு நீக்கப்பட்டன. நான் சொன்ன விதி, நான் சொன்ன வரிசையிலேயே. அன்றைக்கும் அனுமதிக்குப் பதில் வந்திருக்கவில்லை. மாலைவரை ஆளில்லாத அறைகளைச் சுற்றிவிட்டு ரயிலேறினேன்.

"இன்னிக்கும் வேலை இருந்துச்சா?" மனைவி கதவைத் திறந்துகொண்டே கேட்டாள்.

"இருந்துச்சு" என்றேன்.

அவள் ரவை டப்பாவை எடுத்தாள்.