ஊர்காவற்றுறை எசியும் இங்கிலாந்துக் கடனும்

கைபேசியில் இங்கிலாந்து இலக்கம் ஒன்று தெரிந்ததும் எசி தொண்டையைச் செருமிக்கொள்வாள். கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டுத் தோளைக் கொஞ்சம் குறுக்கிக் குரலை மெல்லியதாக்கி, "ஹலோ, ஆர் கதைக்கிறது? அவ இஞ்சை இல்லை. வேலைக்குப் போட்டா. நான் வீடு கூட்டுற ஆள். எனக்கு இங்கிலீசு தெரியாது" என்று ஒரே மூச்சில் சொல்வாள். மறுமுனையில் இருக்கும் ஆங்கிலக் குரல் தடுமாறும், மன்னிப்புக் கேட்கும், பிறகு அறுந்துபோகும். எசி தன் சொந்தக் குரலுக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து வெங்காயம் நறுக்கத் தொடங்குவாள்.

குரலை மட்டும் கேட்டவர்கள் ஆளைப் பார்த்தால் இரண்டாம் முறையும் பார்ப்பார்கள். எசி மென்சா கானா நாட்டுத் தாய்க்கு இத்தாலியின் பலெர்மோ நகரில் பிறந்தவள். வாசற்படியில் நின்றால் நிலையில் தலை முட்டிவிடுமோ என்று பார்ப்பவருக்குப் பயம் வரும் உயரம். தோள்வரை சிறுசிறு பின்னல்கள். சிரித்தால் ஒரேத்தோ வீதியின் எதிர்ப்பக்கத்துப் பல்கனிகளில் உடுப்புக் காயப்போடுகிறவர்கள் தலையைத் தூக்குவார்கள்.

அவளுடைய தாய் ஒரு பணக்காரக் கிழவியின் வீட்டில் தங்கி வேலை செய்தவள். ஞாயிறு பின்னேரம் மட்டும்தான் வெளியே விடுவார்கள். கைக்குழந்தையை எங்கே விடுவது என்று அவள் தவித்தபோது, அவள் ஒரேத்தோ வீதியில் எடுத்திருந்த அறைக்குக் கீழ்வீட்டு றோசமலர், "என்ரையோடை சேர்த்து இதையும் பாக்கிறன். ரெண்டு அழுதால் என்ன, ஒண்டு அழுதால் என்ன" என்று வாங்கிக்கொண்டாள். றோசமலர் ஊர்காவற்றுறைக்காரி. அவளுடைய மகள் மொனிகாவும் எசியும் ஒரே பாயில் உருண்டு, ஒரே கோப்பையில் சொதியும் சோறும் தின்று வளர்ந்தார்கள். எசி முதலில் பேசிய மொழி எது என்று இன்றும் சரியாகத் தெரியவில்லை. ஆனால் முதலில் அடம்பிடித்தது தமிழில்தான் என்று றோசமலர் சத்தியம் செய்வாள். எந்த ஊர் என்று யாராவது தமிழில் கேட்டால், "ஊர்காவற்றுறை" என்று எசி முகத்தில் சிரிப்பில்லாமல் சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமை பிறக்கும் பெண்ணுக்குத் தாயின் ஊரில் வைக்கும் பெயர் எசி. ஒரேத்தோத் தமிழர்களோ, அது ஏசுவதிலிருந்து வந்த பெயர் என்றே நம்புகிறார்கள். நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. ஓடி வரும் கிழவியைக் கண்டும் கதவை மூடும் பஸ் சாரதி, அழுகிய தோடம்பழத்தை அடியில் வைத்து நிறுக்கும் வியாபாரி, கோவிலுக்குள் கைபேசியில் கதைக்கும் கனவான், எவரும் அவள் வாயிலிருந்து தப்ப முடியாது. தொடக்கம் சிசிலிய மொழியில் இருக்கும். சூடு ஏற ஏறத் தமிழுக்கு வரும். தாயின் ஃபான்டி மொழியில் முடியும். அந்த முடிவு சாபமா ஆசீர்வாதமா என்று யாரும் கேட்டதில்லை.

இப்படிப்பட்டவள் ஒரேயொரு ஆளுக்குத்தான் ஒளித்துத் திரிந்தாள். அது ஆள்கூட இல்லை, ஒரு கடன்.

பத்தொன்பது வயதில் மொனிகாவும் அவளும் சேர்ந்துதான் இங்கிலாந்துக்குப் படிக்கப் போனார்கள். ஒரே பல்கலைக்கழகம், ஒரே வகுப்பு, ஆஸ்பத்திரி நிர்வாகம். மொனிகாவின் கட்டணத்துக்குத் தாயின் சீட்டுக்காசு வந்தது, காப்பு வந்தது, கனடாவில் இருக்கும் பெரியப்பா வந்தார். எசிக்குப் பின்னால் ஒரு தாய் மட்டும்தான் நின்றாள். அந்தத் தாயின் கையில் இரண்டு காப்பும் இல்லை, காய்ப்புத்தான் இருந்தது. ஆகவே முழுப் படிப்பும் அந்நாட்டு அரசாங்கம் மாணவருக்குக் கொடுக்கும் கடனில் போனது. மொனிகா படித்து முடித்த கையோடு லெஸ்டரில் வேலையும் வீடும் எடுத்துவிட்டாள். எசியின் தாயோ அதே மாதம் கிழவி வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். எசி பட்டத்தோடு பலெர்மோவுக்குத் திரும்பினாள். கடனும் பின்னாலேயே வந்தது.

"படிச்சதுக்கு ஆரும் கடன்படுவினமோ?" என்று றோசமலர் அன்று வாயைப் பிளந்தாள். "நான் படியாததாலைதான் கடன்பட்டனான்."

பட்டத்துக்கு ஏற்ற வேலை தேடி எசி நகர நடுவிலுள்ள பொலிதேயாமாப் பக்கத்து அலுவலகம் ஒன்றுக்கு நேர்முகத்துக்குப் போனாள். வாசலில் நின்றவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, துப்புரவுக்கு வருகிறவர்கள் பின்கதவால் வர வேண்டும் என்றார். எசி மறுபேச்சின்றிப் பின்கதவால் உள்ளே போய், சமையலறையைக் கடந்து, முன்னறைக்கு வந்து நேர்முகத்துக்கு உட்கார்ந்தாள். வேலை கிடைக்கவில்லை. "ஆனால் நல்ல கோப்பி தந்தவை" என்பாள்.

அதன் பிறகு தாய் செய்த வேலைகளே மகளுக்கும் வந்தன. காலையில் ஒரு பல்வைத்திய நிலையத்தைத் துடைப்பது, பிற்பகலில் ஒரு கிழவருக்குச் சாப்பாடு தீத்துவது. எல்லாம் பதிவில்லாத வேலை. இத்தாலியில் அதற்கு நேரோ என்று பெயர், கறுப்பு என்று அர்த்தம். கையில் காசு, தாளில் ஒன்றுமில்லை. இரண்டு இடங்களில் பதிவு செய்து தருகிறோம் என்று அவர்களாகவே கேட்டும் எசி வேண்டாம் என்றாள். பெயர் தாளில் ஏறினால் கடன்காரன் மோப்பம் பிடித்து வந்து சம்பளத்தை அப்படியே அள்ளிக்கொண்டு போய்விடுவான் என்பது அவள் கணக்கு.

"நானும் கறுப்பு, என்ரை வேலையும் கறுப்பு. கடன் மட்டும்தான் வெள்ளை" என்று அவள் சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். றோசமலர் மட்டும் சிரிக்கமாட்டாள். எசியின் தாய் வாழ்நாள் முழுக்கப் பலெர்மோவில் நேரோவாக உழைத்து, கடைசியில் ஒரு சதம் ஓய்வூதியம் இல்லாமல் கானாவின் கேப் கோஸ்டுக்குத் திரும்பிப் போனதை அவள் கண்ணால் கண்டவள். விமான நிலையத்தில் அந்தத் தாயின் சக்கர நாற்காலியைத் தள்ளியதும் அவள்தான். "கொம்மா போன வழியாலைதான் நீயும் போறாய், பிள்ளை" என்றாள் ஒருநாள். எசி அதற்கு ஏசவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள்.

போன வசந்த காலத்தில்தான் விவகாரம் முற்றியது. எசி துடைக்கும் பல்வைத்திய நிலையத்தில் வரவேற்பாளர் வேலையை விட்டுப் போனார். நிலையத்துக்குச் சொந்தக்காரி கார்மேலா என்ற வைத்தியர். பலெர்மோவுக்கு வரும் சுற்றுலாக்காரர்கள் கல்லுப்போன்ற பிஸ்கோத்தைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொண்டு அவளிடம்தான் ஓடிவருவார்கள். அவளுக்கோ ஆங்கிலம் வராது. எசி துடைப்பத்தோடு நின்று மொழிபெயர்த்ததை அவள் பலமுறை கண்டிருந்தாள். "மேசைக்கு வா, பதிவோடு வேலை. வெள்ளிக்கிழமைக்குள் சொல்லு" என்றாள். எசிக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. ஆசையும் பயமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன.

வியாழன் பின்னேரம் றோசமலர் வீட்டுக் குசினியில் இருவரும் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தபோது இங்கிலாந்து இலக்கம் அடித்தது. எசி செருமினாள், தோளைக் குறுக்கினாள், வழக்கமான பாட்டைத் தொடங்கினாள்.

"அவ இஞ்சை இல்லை. வேலைக்குப் போட்டா. நான் வீடு கூட்டுற ஆள்."

மறுமுனையில் ஓர் இளம் ஆண்குரல் நல்ல தமிழில் கேட்டது. "அப்பிடியோ அக்கா? அவ எப்ப வருவா?"

கரண்டி எசியின் கையிலிருந்து நழுவித் தாச்சிக்குள் விழுந்தது.

"என்ரை பேர் விதுரன். கடன் கந்தோரிலை இருந்து எடுக்கிறன். நீங்கள் எந்த ஊர் அக்கா?"

வாய் பழகிய வழியில் போய்விட்டது. "ஊர்காவற்றுறை."

"என்ரை அம்மாவும் ஊர்காவற்றுறைதான். நீங்கள் ஆற்றை மகள்?"

பஸ் சாரதிகளையும் வியாபாரிகளையும் வாயடைக்கச் செய்தவள் அடுப்பருகே நின்ற றோசமலரைப் பார்த்தாள். தமிழ்ப் பொடியனின் குரல் காதில் விழுந்ததுமே றோசமலர் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுக் கைபேசியைப் பறித்துவிட்டாள்.

"தம்பி, நான் றோசமலர். நீர் தேடுற ஆள் இஞ்சைதான் நிக்கிறா, பொய் சொல்லுறா. கெட்ட பிள்ளை இல்லை, பயந்த பிள்ளை. நீர் அவவுக்கு விளக்கமாச் சொல்லும். அதுசரி, உம்மடை கொம்மான்ரை பேர் என்ன?"

தாயின் பெயர், தாய்மாமனின் பெயர், விதுரன் இன்னும் கலியாணம் கட்டவில்லை என்ற செய்தி ஆகியவை வெளியே வந்தபின்தான் கைபேசி எசியிடம் திரும்பியது. விதுரன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இதெல்லாம் ரெக்கோட் ஆகுது. நீங்கள்தானோ எண்டு முதல்லை இங்கிலீசிலை கேக்கவேணும்."

எசி பிறந்த திகதியையும் மற்றவற்றையும் ஒழுங்கான ஆங்கிலத்தில் சொன்னாள். வீடு கூட்டுகிற ஆள் அத்தோடு செத்துப்போனாள்.

பிறகு அவன் நிதானமாக விளக்கினான். அவள் பதில் சொல்லாமல் ஒளித்திருந்த காலமெல்லாம், அவளுடைய சம்பளம் என்னவென்று அறிய வழியில்லாமல், ஏதோ பெரிய உத்தியோகத்தில் இருப்பவள் போல ஒரு தவணையை அவள் தலையில் போட்டிருந்தார்கள். அது கட்டப்படாமல் சேர்ந்துகொண்டே வந்தது.

"உங்கடை உண்மையான சம்பளத்தைக் காட்டினால் தவணை குறையும் அக்கா. சில வேளை ஒண்டுமே கட்டத் தேவையிருக்காது. சம்பளச் சீட்டை அனுப்புங்கோ."

"சீட்டு நானும் பிடிக்கிறன் தம்பி" என்றாள் றோசமலர் பின்னாலிருந்து.

எசிக்கு அது காதில் விழவில்லை. "என்னட்டைச் சம்பளச் சீட்டு இல்லை. நான் பதிவில்லாமல் வேலை செய்யிறன்."

"ஏன்?"

"உங்களுக்குப் பயந்து."

"அப்ப நீங்கள் ஒளிச்ச இடம்தான் பிழை அக்கா" என்றான் மெதுவாக.

"வட்டி?"

"அது ஏறும். என்னாலை நிப்பாட்டேலாது. ஆனால் கடன் சாகும்வரைக்கும் வராது. நீங்கள் ஐம்பது தாண்ட மிச்சத்தை அழிச்சுப்போடுவினம்."

"ஐம்பதிலையோ?" என்றாள் எசி. "அப்ப நான் இன்னொருக்காப் படிக்கலாம்."

கைபேசியை வைத்தபின் அவள் கதிரையில் உட்கார்ந்து அழுதாள். எத்தனை வருடப் பயம், ஒரு பொடியன் கொஞ்ச நேரத்தில் சொல்லி முடிக்கும் அளவுதான் இருந்திருக்கிறதே என்று அழுதாள். றோசமலர் கருகிய கத்தரிக்காயை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, "பொடியன்ரை குரல் நல்லாயிருக்கு" என்றாள்.

வெள்ளி காலை எசி கார்மேலாவிடம் போய்ச் சரி என்றாள். கார்மேலா மகிழ்ந்து தாளை நீட்டினாள். தாளில் பாதி நேரம்தான் இருந்தது. மீதி நேரத்துக்கு வழமைபோலக் கையில் தருவதாகச் சொன்னாள். எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள், இருவருக்கும் இலாபம்தானே என்றாள்.

எசி ஏசியிருந்தால் அவளுக்கே ஆச்சரியமாக இருந்திருக்காது. அவள் ஏசவில்லை. "முழு நேரமும் தாளில் வேண்டும்" என்று மட்டும் சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்து மேசைத் தொலைபேசி அடித்தது. எசி அசையவில்லை. கார்மேலா தானே எடுத்து, "யெஸ், டூத், டுமாரோ" என்று சொல்லி வியர்த்தாள். மறுமுனை நீளமாக ஏதோ விளக்கியது. "டூத், டுமாரோ" என்றாள் மறுபடியும். காத்திருந்தவர்களில் கன்னம் வீங்கிய கிழவர் ஒருவர், வலியையும் மறந்து இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். கடைசியில் கார்மேலா தொலைபேசியை எசியிடம் நீட்டிவிட்டு, தாளை எடுத்து, பாதி என்பதை வெட்டி முழுமை என்று எழுதினாள். எசி ஒரு கையால் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கையெழுத்துப் போட்டாள்.

முதல் சம்பளச் சீட்டு இங்கிலாந்துக்குப் போனது. தவணை சிறிதாகி வந்தது. கட்டினால் நோகும், ஆனால் முறியாது. கடன் இன்னும் அப்படியே இருக்கிறது, வட்டியும் தன் பாட்டில் ஏறுகிறது. மொனிகா லெஸ்டர் வீட்டுக்குப் புதுத் தளபாடம் வாங்கிப் படம் அனுப்பினால், எசி அதற்கு ஓர் இதயத்தைப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் யன்னலுக்கு வெளியே பார்ப்பாள்.

ஆகஸ்டில் பலெர்மோ பாதி மூடிவிடும். கார்மேலாவும் நிலையத்தைப் பூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். அந்த முதல் திங்கட்கிழமை காலை, வெயில் நன்றாக ஏறிய பிறகு, எசி இரவு உடுப்போடு கீழே இறங்கி வந்து றோசமலரின் குசினிக் கதிரையில் சாய்ந்தாள்.

"வேலைக்குப் போகேல்லையோ?"

"லீவு."

"சம்பளம்?"

"வரும்."

"போகாமல் இருக்கிறதுக்கோ?"

"ஓம் அன்ரி. போகாமல் இருக்கிறதுக்கு."

றோசமலர் நம்பாமல் அவளை ஒருமுறை பார்த்தாள். பிறகு தரை துடைக்கும் தடியை எடுத்து வந்து, "காலைத் தூக்கு" என்றாள். எசி இரண்டு நீளக் கால்களையும் தூக்கினாள். றோசமலர் கதிரைக்குக் கீழே துடைத்தாள், மேசைக்குக் கீழே துடைத்தாள், தண்ணீர் வாளியையும் எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். தரை காய்ந்துவிட்டது. எசி கண்ணை மூடியிருந்தாள். கால்கள் இன்னும் மேலேயே இருந்தன.