கார்ட்டூனில் வந்த கடல்

நிந்தவூரில் நான் ஏறிய ஏசி பஸ்ஸில் ஜன்னலைத் திறக்க முடியாது. பக்கத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் இருந்தார். டிவியில் கார்ட்டூன் ஓடியது. குட்டி நண்டு சங்கு ஊதியதும் கடல் எழும்பித் தெருவுக்குள் ஓடிவந்தது. முன் சீட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் இரண்டு கால்களையும் சீட்டில் தூக்கி வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"தலை சுத்துதா மாமா?"

"இல்ல மகன். கடல் வடிஞ்சா சொல்லுங்க."

சுனாமியை எங்கள் பக்கத்தில் ‘கடல் வந்தது’ என்றுதான் சொல்வோம்.

படம் முடிந்ததும், "வடிஞ்சிட்டு மாமா" என்றேன். காலை இறக்கினார். பிள்ளைகள் அதே படத்தைத் திரும்பவும் கேட்டார்கள்.

"வேணாமெண்டு சொல்லட்டா?"

"விடுங்க மகன். புள்ளைகள் சிரிக்கட்டும்."

இரண்டாம் முறை கடல் எழும்பியபோது நானும் காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.