பாக்கியம் அக்காவின் முறை

செவ்வாய்க்கிழமை காலை தேனிக்குப் போகச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து சிஸ்டர் போன் செய்தார். "சார், ஜன்னலோரக் கட்டில் வேணும்னு ரொம்ப நாளாக் கேட்டீங்கல்ல. இன்னையிலருந்து அது உங்களுக்கு" என்றார். நான் நன்றி சொல்லவில்லை. ஜன்னலோரக் கட்டில் பாக்கியம் அக்காவினுடையது. "எப்ப?" என்று மட்டும் கேட்டேன். "நேத்துக் காலையில. வீட்டுலயே" என்றார் சிஸ்டர்.

அன்றும் பஸ் ஏறினேன். எங்களுக்கு வேறு வழியில்லை. சிறுநீரகம் நின்றுபோனவர்கள் செவ்வாயும் வெள்ளியும் போய் ரத்தச் சுத்திகரிப்பு மிஷினோடு படுத்தே ஆக வேண்டும். யாருக்காகவும் ஒரு முறையைத் தள்ளிப்போட முடியாது. உத்தமபாளையத்திலிருந்து தேனி வரை உட்கார்ந்து போவதற்கே இப்போதெல்லாம் உடம்பு கெஞ்சுகிறது. அக்கா தேவதானப்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார்.

அக்காவோடு மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இருபது வருடத்துக்கு மேல் நூல் மில்லில் நின்றவர். இடது காது சுத்தமாகக் கேட்காது, வலது காது பாதி கேட்கும். எதிரில் நிற்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார். தான் பேசும்போது மிஷினுக்கு மேல் கேட்க வேண்டும் என்பதுபோல் கத்துவார். முதல் நாள் அந்தக் குரலைக் கேட்டு, நான்கு மணி நேரம் இதைச் சகித்துக்கொள்ள வேண்டுமா என்று எரிச்சல்தான் வந்தது எனக்கு.

எங்கள் அறையில் ஏழு கட்டில்கள். கையில் ஊசி ஏறியதும் புரளக்கூட முடியாது. தாகம் எடுக்கும், தண்ணீர் கேட்கக் கூடாது. எல்லோரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்போம். ஒருநாள் அக்கா தன் மகனின் பழைய போனையும் கைக்கடக்கமான ஒரு ஸ்பீக்கரையும் கொண்டுவந்தார். "நாலு மணி நேரம்னு நெனச்சா மலையா நிக்கிது. நாப்பத்தெட்டுப் பாட்டுன்னு நெனச்சுக்கங்க. ஓடிப்போயிரும்" என்றார்.

கட்டில் வரிசைப்படி ஆளுக்கொரு பாட்டு, அதுதான் அவர் போட்ட சட்டம். சின்னமனூர் வாழைத்தோட்டக்காரர் ஒருவருக்குக் கோயில் திருவிழாவில் போடும் பாட்டு. போடி மளிகைக்கடைக்காரர் ஒருவருக்குச் சர்ச்சில் பாடும் பாட்டு. ஒருவர் பாட்டு ஓடும்போது மற்றவர் முகம் சுளிக்கக் கூடாது. என் முறை வந்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கல்லூரி அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்தே காலம் போய்விட்டது.

"எனக்குன்னு பாட்டெல்லாம் இல்லக்கா" என்றேன்.

"ஏன் தம்பி, உங்க வீட்டுல கல்யாணம் நடக்கலையா? பிள்ளைக்குக் காது குத்தலையா? எதுலயாச்சும் ஒரு பாட்டு ஓடியிருக்குமே" என்று கத்தினார். அறையே சிரித்தது. என் முறையை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு, போகப் போகச் சொல்கிறேன் என்றேன். ஒன்றரை வருடம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாதிதான் கேட்கும் காதோடு பாட்டில் அப்படி என்ன சுகம் என்று ஒருமுறை கேட்டேன். "மில்லுல நின்னப்ப ஊரே ஒரு பாட்டப் பாடும், எனக்கு மட்டும் தெரியாது. இங்கன படுத்தபெறகுதான் கேக்க நேரம் கெடச்சிருக்கு" என்றார்.

ஐந்தாம் கட்டிலுக்கு எங்கள் ஊர் ஆயிஷாம்மா வந்தார். வந்த முதல் வாரம், யாரோ கேட்ட ஒரு பாட்டு தொடங்கியதும் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. எங்களில் யாரும் கவனிக்கவில்லை. அக்கா கவனித்து, பாதியிலேயே பாட்டை நிறுத்தினார். ஆயிஷாம்மாவின் மகன் பைக் விபத்தில் இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை என்பதும், அந்தப் பாட்டு அவன் போனில் வைத்திருந்த ரிங்டோன் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

அடுத்த முறை அக்கா ஸ்பீக்கரைக் கொண்டுவரவில்லை. அதற்கடுத்த முறையும் இல்லை. மூன்று வாரம் மிஷின் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லாமல் கிடந்தோம். முதலில் பொறுமை இழந்தவன் நான். "அந்த ஒரு பாட்டப் போடாம விட்டாப் போதாதாக்கா? ஒருத்தருக்காக எல்லாரும் இப்படிக் கெடக்கணுமா?" என்று கேட்டேன்.

அக்கா அன்றுதான் குரலைத் தாழ்த்திப் பேசினார். "அவுக இன்னும் ஆறல தம்பி. எந்தப் பாட்டப் போட்டாலும் அடுத்து அது வந்துருமோன்னுதான் பயந்து கெடப்பாக. அவுகளா சொல்லட்டும். நமக்கென்ன, எங்க போகப்போறோம்?"

நான்காவது வாரம் ஊசி ஏற்றி முடித்ததும் ஆயிஷாம்மாவே பேசினார். "அக்கா, அந்தப் பாட்டப் போடுங்க."

"வேணாம்மா, வேற போடுவோம்."

"இல்லக்கா, அதையே போடுங்க. நான் முழுசாக் கேட்டதே இல்ல. அடிச்ச ஒடனே அவன் போனை எடுத்துருவான், பாட்டு அந்தாக்குல நின்னுபோகும். அதுக்கு மேல என்ன வருதுன்னு எனக்குத் தெரியல."

அன்று போன் மட்டும்தான் இருந்தது. அதை ஆயிஷாம்மாவின் தலையணையில் வைத்தார் சிஸ்டர். பாட்டு கடைசிவரை ஓடியது. ஆயிஷாம்மா கண்ணை மூடாமல் கேட்டார். முடிந்ததும், "நல்லாத்தான் இருக்கு" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை ஸ்பீக்கர் வந்தது.

அக்கா இறந்த செய்தி வந்த அந்தச் செவ்வாய் மதியம், சிகிச்சை முடிந்ததும் நானும் ஆயிஷாம்மாவும் தேவதானப்பட்டிக்குப் போனோம். நிற்கத் தெம்பில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டோம். எடுக்கும் நேரம் நெருங்கியபோது அக்காவின் மகன் வந்து குனிந்து கேட்டான். "ஆஸ்பத்திரியில ஒரே பாட்டாக் கெடக்கும்னு அம்மா சொல்லும். கடைசியா அது விரும்பிக் கேக்குற பாட்டப் போடுவோம்னு இருக்கேன். எது சார்?"

நான் ஆயிஷாம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். ஜன்னலோரக் கட்டில்தான் வரிசையில் கடைசி. தன் முறை வரும்போதெல்லாம், "இன்னைக்கு யாருக்கு ரொம்ப முடியல? அவுக பாட்டையே இன்னொருக்காப் போடுவோம்" என்பார் அக்கா. மற்றவர்களும் அவரவர் பாட்டைச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். அவருக்கு எது பிடிக்கும் என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. "தெரியலப்பா" என்று சொன்னேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். ரேடியோ செட்காரர் தன்னிடம் இருந்த எதையோ போட்டார்.

மறுநாள் காலை என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்குப் பிடிச்ச பாட்டு எது?" என்று கேட்டேன்.

அவள் கை நின்றுவிட்டது. "ஏங்க, டாக்டர் ஏதாச்சும் சொன்னாகளா?"

"ஒண்ணும் சொல்லல. சும்மாதான் கேக்குறேன்."

மறுபடி கீரையை ஆய ஆரம்பித்தாள். "நான் பள்ளிக்கூடத்துல பாட்டுப் போட்டிக்கெல்லாம் போயிருக்கேன். கல்யாணமான புதுசுல பாடிக்கிட்டேதான் வேலை பாப்பேன். சத்தமாப் பாடாத, அடுத்த வீட்டுல கேக்கும்னு நீங்கதான் சொன்னீக" என்றாள். குரலில் கோபம் இல்லை. விலைவாசி சொல்வதுபோல் சொன்னாள். அப்படிச் சொன்னதே எனக்கு நினைவில்லை. இருபத்தாறு வருடம் இந்த வீட்டில் பாட்டு இல்லாமல் இருந்ததும் எனக்குத் தெரியவில்லை.

"இப்பப் பாடேன்" என்றேன். "போங்க, வேலை கெடக்கு" என்று கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் இன்னும் பாடவில்லை. நான் மறுபடியும் கேட்கவில்லை. அவளாகப் பாடட்டும் என்று இருக்கிறேன். ஜன்னலோரக் கட்டிலில் இப்போது நான்தான் படுத்திருக்கிறேன். ஆனால் பாக்கியம் அக்காவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது கட்டில் அல்ல, இந்தக் காத்திருப்புதான்.